கோடை விடுமுறைக்கு ஆச்சி வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் குடியிருக்கிறோம். என் கணவரின் ஊர் அம்பாசமுத்திரம், என் பிறந்த வீடு கோவில்பட்டி. பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கிய இந்தப் பயணம், அவளுக்கு 8 வயதும் சின்னவனுக்கு மூன்றரை வயதும் ஆன பிறகும் ஆண்டுதோறும் தொடர்கிறது. மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அலுவலகத்திலும் அடுக்குமாடியிலும் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வழி நெல்லை வழி. உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

தேர்வு முடிந்த மறுநாளே கிளம்பிவிடலாமா?

கிளம்பலாம், டிக்கெட் கிடைத்தால். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கி 28 வரை நீடிக்கும். அதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவது பயணத்துக்கு நல்லது. நுங்கும் பதநீரும் மாம்பழமும் அப்போது கிடைக்கும். குற்றாலச் சாரல் மட்டும் ஜூனில்தான் தொடங்கும், பள்ளிக்கூடமும் அப்போதுதான் திறக்கும். இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, அவருக்குப் பிள்ளைகள் இல்லை போலும்.

அரையாண்டு விடுமுறைக்குப் போகிறவர்கள் மழையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். டிசம்பர் பயணமென்றால் கைக்குழந்தையின் பால்மாவும் தாத்தாவின் மாத்திரையும் இரண்டு நாளுக்கு அதிகமாகவே கைப்பையில் இருக்கட்டும்.

ரயில் டிக்கெட்டை எப்போது எடுக்க வேண்டும்?

முன்பு 120 நாளுக்கு முன்பே பதிவு திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். மே 1 அன்று புறப்பட வேண்டுமானால் மார்ச் 2 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை, முத்துநகர் எல்லாமே சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். போகும் டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்டுக்குத்தான் அடிதடி: பள்ளி திறப்பதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரவுகளில் தென்மாவட்டமே சென்னைக்கு ஏறும். நான் எப்போதும் அதற்கு முந்தைய புதன்கிழமையைப் பிடிக்கிறேன்.

தட்கலை நம்பிக் குழந்தைகளோடு திட்டம் போடாதீர்கள். பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறக்கிறது. ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பும் கட்டாயம்.

குழந்தைக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?

5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், படுக்கையும் கிடையாது. தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், படுக்கை வேண்டாம் என்று குறித்தால் அரைக் கட்டணம், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலில் வந்த மாற்றம் இது. அதற்கு முன் அரைக் கட்டணத்திலேயே படுக்கை கிடைத்தது என்பது தாத்தாக்களின் நினைவில் அப்படியே இருக்கிறது, அதனால் வீட்டில் ஒரு வாக்குவாதம் உறுதி. வந்தே பாரத் போன்ற இருக்கை வண்டிகளில் இந்த அரைக் கட்டணச் சலுகை இல்லை.

6 வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்து மிச்சம் பிடித்துவிடலாம் என்று நானும் ஒருமுறை நினைத்தேன். இரவு முழுவதும் இரண்டடி அகலப் படுக்கையில் அவள் முழங்கால் என் விலாவில்தான் இருந்தது. 5 வயதுக்கு மேல் படுக்கை எடுத்துவிடுங்கள்.

தாத்தா, பாட்டிக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்க என்ன வழி?

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் ஒருவராகவோ இருவராகவோதான் பதிய முடியும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது வேலை செய்யாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போட்டால் கீழ்ப்படுக்கை கிடைக்கும், ஆனால் நீங்கள் எஸ்-4, அவர்கள் எஸ்-9 என்று ஆகலாம். நான் பரிந்துரைப்பது இது: ஒரே டிக்கெட்டில் எல்லாரையும் போட்டு, குறைந்தது ஒரு கீழ்ப்படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்னும் விருப்பத்தை ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். ஒரு கீழ்ப்படுக்கை கையில் இருந்தால் இன்னொன்றை எதிரில் இருக்கும் இளைஞரிடம் கேட்டு வாங்கிவிடலாம். கேட்கும்போது பாட்டியைப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

இரவு ரயிலில் குழந்தையை எப்படித் தூங்க வைப்பது?

கீழ்ப்படுக்கையில் சுவர் ஓரமாகக் குழந்தை, வெளிப்பக்கம் நீங்கள். பக்கவாட்டுப் படுக்கையைத் தவிருங்கள். அது நீளம் குறைவு, போகிறவர் வருகிறவர் பையெல்லாம் குழந்தையின் காலில் இடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் மே மாதத்திலும் காலுறை வேண்டும். சாதாரணப் படுக்கை வகுப்பில் விழுப்புரம் தாண்டும்வரை புழுக்கம் இருக்கும், ஈரத்துண்டு ஒன்று உதவும்.

ஏறியதும் தூங்கச் சொல்லாதீர்கள். செங்கல்பட்டு ஏரி வரை சன்னலில் விடுங்கள். டயப்பரைக் கழிப்பறைக்குள் போடவே கூடாது. இப்போது எல்லாம் உயிரிக் கழிப்பறைகள், ஒரு டயப்பர் போதும், அடைத்துக்கொண்டு பெட்டி முழுவதும் விடிய விடிய அவதிப்படும். பழைய பால் கவர் நான்கைந்து எடுத்துப் போங்கள், சுருட்டிக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடலாம்.

காரில் போவது வசதி இல்லையா?

வசதிதான், ஓட்டுகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு. திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். வழக்கமாகப் பத்து, பதினோரு மணி நேரமென்றால் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் பதின்மூன்று என்று வையுங்கள். தாத்தாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும், வெளியே சொல்ல மாட்டார், தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஆகவே நீங்களே எனக்குத் தேநீர் வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்துங்கள். திருச்சியில் ஓர் இரவு தங்கிப் போனால் எல்லாரும் மனிதர்களாக ஊர் போய்ச் சேரலாம்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்காரும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதுகாப்புப் பட்டையோ குழந்தை இருக்கையோ கட்டாயம், இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், திடீரென்று பிரேக் அடித்தால் மடியில் இருக்கும் குழந்தையைக் கைகள் தாங்காது.

பஸ் என்றால் கிளாம்பாக்கம் போய் ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வடசென்னையிலிருந்து அதுவே ஒரு பயணம். அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை.

வழிச் சாப்பாட்டுக்கு என்ன கட்டுவது?

இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். ஆயிரம் ஆலோசனை சொல்வார்கள், இதைத் தாண்டி ஒன்றும் இல்லை. பொடி தடவிய இட்லி மறுநாள் காலை வரை தாங்கும், குழந்தைக்குக் கொஞ்சம் பொடி தடவாமல் வையுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். தயிர்சோறு என்றால் பாலூற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள், புளிக்காது.

காலையில் வண்டி கோவில்பட்டியில் நிற்கும்போது கடலைமிட்டாய் வரும். என் ஊர்ச் சரக்கு, புவிசார் குறியீடு பெற்றது, பெருமையோடு வாங்குவேன். ஆனால் நான்கு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது. ஓடும் வண்டியில் புரையேறி மூச்சுக்குழாயில் சிக்கினால் மருத்துவமனை பக்கத்தில் இருக்காது. சின்னவனுக்கு நான் இடித்துப் பொடியாக்கித்தான் தருகிறேன். அவன் அதை ஏமாற்று வேலை என்கிறான்.

என் பையன் வண்டியில் ஏறினாலே வாந்தி எடுக்கிறான்.

2 வயதிலிருந்து 12 வயது வரை இது சகஜம். கிளம்புமுன் வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள், வெறும் வயிறாகவும் விடாதீர்கள். ஒன்றிரண்டு இட்லி போதும். கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுத் தூரத்தில் உள்ளதைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

எத்தனை நாள் தங்க வேண்டும்?

எட்டு நாளுக்குக் குறைந்தால் போகாதீர்கள் என்பேன். முதல் இரண்டு நாள் குழந்தைக்கு இடம் பழகவே போய்விடும். கடைசி நாள் மூட்டை கட்டுவதில் போய்விடும். ஐந்து நாள் பயணத்தில் மிஞ்சுவது இரண்டு நாள், அதில் ஒரு நாளைக் கோயில், ஒரு நாளை உறவினர் வீடு என்று எடுத்துக்கொண்டால் தாத்தா பேரனைப் பார்த்தது ரயில் நிலையத்தில் மட்டும்தான்.

என் மகள் தாத்தாவிடம் போகவே மாட்டேன் என்று அழுகிறாள். அவருக்கு மனக்கஷ்டம்.

ஒரு வயதையொட்டிய குழந்தைகள் புதுமுகத்தைக் கண்டு அழுவது வளர்ச்சியின் அடையாளம். இதைத் தாத்தாவிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாசலிலேயே குழந்தையைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு என்று ஊரே சுற்றி நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

சின்னவனுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது தாத்தாவைக் கண்டாலே என் சேலைக்குள் ஒளிவான். அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், பச்சைப் பனையோலையை நறுக்கிக் காற்றாடி செய்தார். இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்கே மடித்து நடுவில் ஈர்க்கு முள்ளைச் செருகினார். முதல் காற்றாடியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கினார். மூன்றாவது முடிவதற்குள் பையன் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாத்தா அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓலையை மட்டும் அவன் பக்கம் நீட்டினார்.

ஊர் வீட்டில் குழந்தைக்கு ஆபத்தானவை எவை?

முதல் நாள் பெட்டியைத் திறப்பதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், முழங்கால் போட்டு, குழந்தையின் உயரத்தில். கிணற்று மூடி, தண்ணீர்த் தொட்டி, அடுக்களையில் விரித்தபடி கிடக்கும் அரிவாள்மணை, ஊஞ்சல் சங்கிலி, கொசுவர்த்திச் சுருள். குளியலறையில் நிரம்பிய வாளியும் ஆபத்துதான், தவழும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது மாத்திரைக்குத்தான். பெரியவர்கள் வீட்டில் அது எங்கேயும் இருக்கும்: சன்னல் விளிம்பில், தலையணைக்கடியில், கண்ணாடிக் கூட்டில். எங்கள் தாத்தா காலை மாத்திரைகளை இரவே பிரித்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைப்பார். மறந்துவிடக் கூடாதே என்று. போன ஆண்டு ஒரு காலையில் சின்னவன் அந்தக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தான். இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்றை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, இது யார் கொடுத்த மிட்டாய் என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தின்பவனாக இருந்ததால் பிழைத்தோம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் சில மாத்திரைகள் ஒன்றிரண்டே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம்.

இப்போது ஒரு பூட்டுள்ள டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறோம். சாவி தாத்தாவின் அரைஞாணில்.

ஆச்சி கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிறார். தடுப்பதா, விடுவதா?

சண்டை இல்லாமல் தடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நோயைத் தரலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வெந்நீரும் வேண்டாம். வசம்பும் மாசிக்காயும் உரைத்துக் கொடுப்பதையும் கண்ணுக்கு மை தீட்டுவதையும் குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை.

இதைச் சொல்வது மருமகளாக இருந்தால் ஊர் இரண்டுபடும். மகன் சொல்லட்டும். அதைவிட நல்ல வழி, டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சீட்டைக் காட்டுவது. அதோடு, ஆச்சி தரக்கூடியது என்று ஒன்றை அவரிடமே விட்டுவிடுங்கள்: எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது (மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றாமல்), தாலாட்டு, ஒரு வயதுக்கு மேல் உளுந்தங்களி. கருப்பட்டி போட்ட உளுந்தங்களியைத் தின்ற பிள்ளை மாலை வரை வேறெதுவும் கேட்காது.

அருவிக்கும் ஆற்றுக்கும் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் ஆற்றைத் தெரிந்த ஒருவரோடு. தாமிரபரணியில் படித்துறைக்குப் பக்கத்திலேயே கசம் இருக்கும். மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், காலை வைத்தால் ஆள் ஆழம். இடுப்பில் கைபோட்டுக்கொண்டு கரையிலிருந்து ஊரைப் பார்க்கும் பெரியவர் எவரிடமாவது இங்கே கசம் எங்கே என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். காற்றடைத்த பொம்மை வளையத்தை நம்பாதீர்கள்.

கோடையில் குற்றாலத்தில் பாறைதான் அதிகம். பாபநாசம் அகத்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக், எண்ணெய், சோப்புக்கு அனுமதி இல்லை. காலையில் திறந்ததும் போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். குரங்குகள் பையைத் திறக்கக் கற்றவை. பிஸ்கட்டைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள், பறித்துவிடும்.

மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குளிக்கத் தடை என்றால் தடை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று காவலரிடம் கெஞ்சும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தாத்தா, ஆச்சி, குழந்தைகள் எல்லாரையும் சேர்த்து வெளியே கூட்டிப் போவது எப்படி?

இதில் நான் கண்டுபிடித்த ஒரே இரகசியம்: தாத்தாவும் பேரனும் ஒரே கடிகாரத்தில் ஓடுகிறவர்கள். இருவரும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார்கள். ஏழரைக்குப் பசி. ஒரு மணிக்குத் தூக்கம். இரவு எட்டைத் தாண்டினால் இருவருக்குமே எரிச்சல். இருவருக்கும் அடிக்கடி கழிப்பறை, இருவருக்கும் படி ஏற ஒரு கை. ஒத்துப்போகாதவர்கள் நடுவில் இருக்கும் நாம்தான். எட்டு மணிக்கு எழுந்து, பத்துக்குக் குளித்து, கத்திரி வெயிலில் பதினொன்றரைக்கு எல்லாரையும் காரில் ஏற்றுகிறோம்.

அவர்கள் கடிகாரத்துக்கு மாறுங்கள். ஆறு மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்கு வீட்டில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம். திருச்செந்தூரும் கன்னியாகுமரியும் ஒரே நாளில் என்று உறவினர் யாராவது திட்டம் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு படகு வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. முழங்கால் வலிக்காரர் அதில் நிற்க முடியாது. அவரோடு ஒருவர் கரையில் இருந்துகொள்ளட்டும்.

உண்மையில் எங்கள் பிள்ளைகள் அதிகம் பேசும் பயணம் எது தெரியுமா? அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்குப் பாசஞ்சர் ரயில். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் பொதிகை மலை. தாத்தா ஒவ்வொரு நிலையத்திலும் யாருக்கு எந்த ஊரில் பெண் கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டே வருவார். கோயிலில் கும்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம்.

விடுமுறை முடிந்ததும் ஆச்சிக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. ஏன்?

நாம்தான் காரணம். இரண்டு பேருக்கு அரைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எட்டுப் பேருக்கு அரைக்கிறார். ஒரு நாள் சொதி, ஒரு நாள் கூட்டாஞ்சோறு, ஒரு நாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். பேரப்பிள்ளைகள் கேட்டதெல்லாம் நடக்கும். நமக்கு விடுமுறை, அவருக்கு ஆண்டிலேயே கடுமையான வேலை நாள்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். புறவாசல் படியில் விளக்கைப் போடாமல் ஆச்சி உட்கார்ந்திருந்தார். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊறப்போட்ட உளுந்து. மறுநாள் இட்லிக்கு. என்னைக் கண்டதும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னவன் இருமினானா என்று கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள். காலைப் பலகாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருமுனை இட்லிக் கடையில். போகும்போது சென்னையிலிருந்தே இரண்டு கிலோ பொடி வகைகள். மாவரைப்பது என் கணவர். ஆச்சி சமைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவமானம். சமையலை அவர் சொல்ல, வேலையை நாம் செய்ய வேண்டும். நாற்காலியைத் தூக்கி அடுக்களைக்குள் போட்டதில் முதல் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் அதிலிருந்து எழவில்லை. வீடு கூட்டிப் பாத்திரம் கழுவ அந்த எட்டு நாளுக்கு மட்டும் ஆள் வைத்து, சம்பளத்தை நாமே கொடுத்துவிடுவது உத்தமம்.

அப்பா வழித் தாத்தா வீடு, அம்மா வழித் தாத்தா வீடு. நாள்களை எப்படிப் பிரிப்பது?

சரிபாதி என்று ஆண்டுக்கு ஆண்டு கணக்குப் பார்த்தால் சம்பந்திகளும் கணக்குப் பார்ப்பார்கள். நாங்கள் ஓர் ஆண்டு அம்பையில் எட்டு நாள், கோவில்பட்டியில் நான்கு, மறு ஆண்டு மாற்றி. முடிவைப் பொங்கலுக்கே சொல்லிவிடுகிறோம். மே மாதம் சொன்னால் அது வருத்தம், ஜனவரியில் சொன்னால் வெறும் செய்தி.

ஊரிலும் கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள்.

உங்கள் கைப்பேசியை முதலில் பரண்மேல் வையுங்கள். பிறகு பேசலாம்.

அங்கே குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?

கிளம்புமுன் மூன்று காரியம்: தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது, குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்வது (காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது), ஊரில் குழந்தை மருத்துவர் எந்த நேரம் இருப்பார் என்று விசாரித்துவைப்பது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து. அதிகம் போடக் கூடாது.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சிறு கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது வேண்டாம். பாம்பு, தேள் என்றால் கட்டுப்போட்டு இறுக்காமல், மந்திரிக்க நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். ரயிலில் எந்தச் சிக்கலானாலும் 139.

பெரியவர்களைச் சென்னைக்கு வரவழைத்துவிட்டால் இவ்வளவு அலைச்சல் இல்லையே?

வரட்டும், ஆனால் அது விடுமுறைக்கு மாற்று ஆகாது. நாம் வேலைக்குப் போய்விட, மூன்றாம் மாடியில் பூட்டிய கதவுக்குள் தொலைக்காட்சியும் பேரனும். ஐந்தாம் நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று கிளம்பிவிடுவார்கள். வரவழைப்பதானால் நடக்கும் தூரத்தில் ஒரு கோயில், ஒரு பூங்கா, வீட்டுச் சாவி ஒன்று அவர் கையில். சாவி முக்கியம்.

திரும்பும்போது ஆச்சி கட்டிக்கொடுக்கும் மூட்டையை என்ன செய்வது?

வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம், ஆகவே சட்டம் ஆச்சி பக்கம். அப்பளம், வடகம், கருப்பட்டி, முந்திரிக்கொத்து எல்லாம் பயணத்தைத் தாங்கும். தேங்காயை உரித்து வாங்கிக்கொள்ளுங்கள், பாதி எடை குறையும். ஊறுகாய்ப் பாட்டிலின் வாயில் பாலித்தீன் தாளை விரித்து அதன்மேல் மூடியைத் திருகி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள்.

பையின் அடியில் ஒருமுறை கைவிட்டுப் பார்த்துவிட்டுச் சென்னையில் துணி துவைக்கப் போடுங்கள். எங்கள் பையில் ஒவ்வோர் ஆண்டும் நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று பெரியவளின் பாவாடைக்குள் இருக்கும். ரயில் ஏறும்வரை தாத்தா அதைப்பற்றி வாய் திறக்க மாட்டார்.